நண்டு மசாலாவுக்குப் பின்னால் ஒரு புல்வெளி... படகுகளிடமிருந்து தப்புமா பாக் விரிகுடாவின் கடற்புல்?

கோட்டையூரில் கடல் கிடையாது. ஊருணி உண்டு, கண்மாய் உண்டு, மழை நன்றாகப் பெய்த வருஷத்தில் தெருவிலும் தண்ணீர் உண்டு. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் தேவகோட்டை, திருவாடானை தாண்டித் தொண்டிக்குப் போக வேண்டும். இல்லையென்றால் அறந்தாங்கி வழியாகக் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் பக்கம் போக வேண்டும். பழைய ராமநாதபுரம் மாவட்டத்தை 1985-ல் பிரித்தபோது கடல் முழுவதும் ராமநாதபுரத்தோடு போய்விட்டது. சிவகங்கை மாவட்டத்துக்கு ஓரடி கடற்கரைகூட மிஞ்சவில்லை.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் கோட்டையூர், பள்ளத்தூர், காரைக்குடி என்று எந்தத் தெருவில் நடந்தாலும் அம்மியிலோ மிக்ஸியிலோ மிளகு, சோம்பு, கசகசா அரைபடும் வாசனை வரும். சட்டியில் நண்டு, இறால், கணவாய் என்று ஏதாவது ஒன்று கொதித்துக்கொண்டிருக்கும். 'செட்டிநாடு நண்டு மசாலா' என்று ஊரெல்லாம் போர்டு மாட்டுகிறார்களே, அதில் செட்டிநாட்டுக்குச் சொந்தம் மசாலா மட்டும்தான். நண்டு, பக்கத்து மாவட்டத்துக் கடல் கொடுத்தது.

அந்த நண்டு எங்கே வளர்கிறது? பெரும்பாலானோர் 'கடலில்' என்பார்கள். கடலில்தான், ஆனால் கடல் முழுவதும் ஒரே மாதிரி வீடு கிடையாது. பாக் விரிகுடாவில் நீலநிறக் கால்களோடு நீந்தும் அந்த நண்டு, குட்டிப் பருவத்தைக் கழிப்பது கடலடியில் இருக்கும் ஒரு புல்வெளியில். இறால் குஞ்சு ஒளிந்துகொள்வதும், கணவாய் முட்டைக் கொத்துகளை ஒட்டிவைப்பதும், ஓரா மீன் மேய்வதும் அங்கேதான். அந்தப் புல்வெளியின் மேல்தான் தினமும் படகுகள் போகின்றன. சில படகுகள் மேலே போவதோடு நிற்பதில்லை. அடியைக் கீறிவிட்டும் போகின்றன.

புல் என்றால் நிஜமாகவே புல்லா?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கடற்புல் வேறு, கடற்பாசி வேறு. நோன்பு நாள்களில் பால் சேர்த்துக் காய்ச்சி, துண்டு போட்டு இனிப்பாகச் சாப்பிடுகிறோமே, அது கடற்பாசியிலிருந்து வருவது. பாசிக்கு உண்மையான வேர் கிடையாது, பூவும் கிடையாது. கடற்புல்லுக்கு வேர், தண்டு, இலை, பூ, விதை எல்லாம் உண்டு. நிலத்தில் இருந்த தாவரங்கள், டைனோசர்கள் நடமாடிய காலத்தில் மெல்லமெல்லக் கடலுக்குள் திரும்பிப் போனதால் உருவான இனம் இது. உலகம் முழுக்கச் சுமார் 70 வகைகள்தான் இருக்கின்றன. அவற்றில் பத்துக்கும் மேற்பட்டவை பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் வளர்கின்றன.

வளரும் விதத்தைப் புரிந்துகொள்ளப் பிள்ளையாருக்கு வைக்கும் அருகம்புல்லை நினைத்துக்கொண்டால் போதும். அருகு எப்படித் தரையை ஒட்டி ஓடி, கணுவுக்குக் கணு வேர் விட்டுப் பரவுகிறதோ, அப்படியே கடற்புல்லும் மண்ணுக்குள் தண்டு ஓட்டி, கணுவிலிருந்து வேரைக் கீழேயும் இலையை மேலேயும் விடுகிறது. இலை அறுந்தால் மறுபடி முளைக்கும். அந்த மண்ணடித் தண்டு அறுந்தால்தான் சங்கடம். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் படகு செய்யும் சேதம் சுலபமாகப் புரியும்.

இந்தக் கூட்டத்தில் நெடியது, மருத்துவர்கள் மருந்துச்சீட்டில் எழுதுவதைப்போல வாயில் நுழையாத பெயர் கொண்ட எனாலஸ் அகோராய்டெஸ். நாடாபோல ஒரு மீட்டரையும் தாண்டி இலை விடும். இதன் ஆண் பூக்கள் செடியிலிருந்து கழன்று, வெள்ளைப் பொரி சிதறியதுபோல நீரின் மேல் மிதந்துபோய்ப் பெண் பூவைத் தேடும். கடல் நடுவே இப்படியொரு கல்யாணம் நடப்பது கரையில் நிற்பவர்களுக்குத் தெரியவே தெரியாது.

இந்தப் புல்லுக்கு முக்கியத் தேவை வெளிச்சம். அதனால் ஆழமில்லாத, தெளிந்த கடலில்தான் வாழும். பாக் விரிகுடாவின் பெரும்பகுதி பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்துக்குள் அடங்கிவிடும். கரையிலிருந்து வெகுதூரம் நடந்துபோனாலும் இடுப்பளவு தண்ணீர் இருக்கிற இடங்கள்கூட உண்டு. புல் செழிப்பதற்கு அதுதான் காரணம். படகு தட்டுவதற்கும் அதேதான் காரணம்.

கீறல் எப்படி விழுகிறது?

படகால் கடற்புல்லுக்குச் சேதம் பல விதங்களில் வருகிறது. எல்லாமும் ஒரே அளவு மோசமானவை அல்ல.

முதலாவது, எஞ்சினின் சுழலும் விசிறி, அதாவது புரொப்பெல்லர். நீர் வற்றிய நேரத்தில் படகு ஆழமில்லாத இடத்தில் ஓடினால், விசிறி இலைகளை வெட்டும். இன்னும் கொஞ்சம் கீழே இறங்கினால் மண்ணையும் கிளறி, அந்த மண்ணடித் தண்டையும் துண்டுதுண்டாக்கும். மேலிருந்து பார்த்தால் பச்சைப் புல்வெளியில் வகிடு எடுத்ததுபோல வெள்ளைக் கோடு தெரியும். அந்தக் கோடு அப்படியே இருப்பதில்லை. வேர் இல்லாத மண்ணை நீரோட்டம் அரிக்கும், ஓரங்கள் சரியும், கோடு வாய்க்காலாகும். கண்மாய்க் கரையில் ஒரு எலி வளை எப்படி உடைப்பாகிறதோ, அந்தக் கதைதான்.

இரண்டாவது, நங்கூரம். போட்ட இடத்தில் குத்தி நின்றால் ஒரு கைப்பிடிப் புல் போகும். காற்றுக்குப் படகு நகர்ந்து நங்கூரம் இழுபட்டால், போகும் வழியெல்லாம் உழுதுகொண்டே போகும். ஒரே இடத்தில் நிரந்தரமாகச் சங்கிலி போட்டுப் படகு கட்டினால், காற்று திரும்பும் திசையெல்லாம் சங்கிலியும் திரும்பி, வட்டமாக மொட்டை அடித்துவிடும்.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத சேதம். விசிறி கிளப்பும் சேறு நீரில் கலந்து, வெளிச்சத்தை மறைத்து, இலைமேல் தூசியாகப் படிகிறது. வெட்டுப்படாத புல்லும் இதனால் வாடும். பாக் விரிகுடாவைப்போல அடியில் மெல்லிய சேறு நிறைந்த இடத்தில் இதைச் சாதாரணமாக நினைத்துவிட முடியாது.

சேதம் ஆறுவதற்கு எவ்வளவு காலம் ஆகும்? புல்லின் வகையைப் பொறுத்தது. சிறு இலைக் கடற்புற்கள் சில வாரங்களிலேயே காலி இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தடித்த தண்டுள்ளவை நிதானமானவை. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் 'ஆமைப் புல்' எனப்படும் வகையில் விசிறிக் கீறல் மூட சில ஆண்டுகள் தொடங்கி பத்தாண்டுவரை ஆவதாக ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அந்த ஆமைப் புல்லின் நெருங்கிய உறவுக்காரச் செடி ஒன்று நம் பாக் விரிகுடாவிலும் இருக்கிறது.

ஆவுளியாவும் கோடு போடும்!

இங்கே ஒரு வேடிக்கை. புல்வெளியில் கோடு போடும் வேலையைப் படகுக்கு முன்பே ஒருவர் செய்துகொண்டிருக்கிறார். அவர் ஆவுளியா. புத்தகங்களில் கடல்பசு என்று போடுவார்கள். கடற்கரை மக்களுக்கு ஆவுளியாதான். மூன்று மீட்டர் நீளம், நானூறு கிலோ எடை, முழுச் சைவம். நாளொன்றுக்கு முப்பது நாற்பது கிலோ கடற்புல் தின்னும். உருவத்தைப் பார்த்து மீன் இனம் என்று நினைக்க வேண்டாம், நிலத்தில் இதற்கு நெருங்கிய சொந்தம் யானை.

ஆவுளியா மேயும்போது இலையை மட்டும் கிள்ளுவதில்லை. மூக்கால் மண்ணைத் தள்ளி, வேரோடு பிடுங்கித் தின்றுகொண்டே முன்னேறும். அது போன தடம் கடலடியில் வளைந்து நெளிந்து தெரியும். அப்படியென்றால் ஆவுளியா கெடுக்காததையா படகு கெடுத்துவிட்டது என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆவுளியாவுக்குப் பிடித்தது மென்மையான, வேகமாக வளரும் சிறு இலைப் புல். அதன் தடம் குறுகலானது, ஆழமில்லாதது, இரண்டு பக்கமும் புல் இருப்பதால் விரைவில் மூடிக்கொள்ளும். மேய்ந்த இடத்தில் இளம்புல் முளைத்து, அடுத்த முறைக்கு இன்னும் சுவையான தீனி தயாராகும். எஞ்சின் விசிறிக்கு எந்தப் புல், எவ்வளவு ஆழம் என்ற கணக்கெல்லாம் கிடையாது.

இந்தியக் கடல்களில் மிஞ்சியிருக்கும் ஆவுளியாக்கள் மொத்தமே சுமார் 240 என்பது அரசு சொல்லும் கணக்கு. ஒரு திருமண மண்டபத்தில் முதல் பந்திக்கு உட்காரும் கூட்டம். பெண் ஆவுளியா ஒரு குட்டியை ஓராண்டுக்கு மேல் சுமக்கும். அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு இடைவெளி விடும். சில நிமிடங்களுக்கு ஒருமுறை மூச்சு வாங்க மேலே வந்தே ஆக வேண்டும். வேகமாக வரும் படகு அந்த நேரத்தில் குறுக்கிட்டால் அடிபடும், வலையில் சிக்கி மேலே வர முடியாவிட்டால் மூச்சு முட்டிச் சாகும். ஃப்ளோரிடாவில் ஆவுளியாவின் ஒன்றுவிட்ட சகோதரனான மேனட்டிக்குப் படகு மோதல் பெரிய எமன். அதனால்தான் அங்கே பள்ளிக்கூட வாசலில் வைப்பதுபோல நீரிலேயே 'மெதுவாகச் செல்லவும்' பலகைகள் வைத்திருக்கிறார்கள்.

மடி இழுக்கும் கணக்கு

உல்லாசப் படகுகள் நிறைந்த ஃப்ளோரிடாவோ மத்தியத்தரைக் கடலோ வேறு. இங்கே கடலில் இருப்பவை பிழைப்புப் படகுகள். அதனால் பாக் விரிகுடாவில் கடற்புல்லைப் பற்றிப் பேசிவிட்டு இழுவைமடியைப் பற்றிப் பேசாமல் விட்டால் அது பாதிப் பேச்சுதான்.

இழுவைமடி என்பது பை போன்ற வலை. வாயை விரித்துவைக்க இரண்டு பக்கமும் கனமான பலகைகள், அடியில் சங்கிலியோ ஈயக்குண்டோ. இதைக் கடலடியில் உரசியபடி விசைப்படகு மணிக்கணக்கில் இழுக்கும். இறால் சேற்றில் கிடப்பதால் சேற்றையும் சேர்த்தே வார வேண்டியிருக்கிறது. ஒரு நங்கூரம் கைப்பிடி அளவு புல்லைப் பிடுங்கினால், இது போன வழியெல்லாம் சுரண்டும். வலையை மேலே எடுக்கும்போது மீனோடு கடற்புல் கட்டுக்கட்டாக வரும். கழித்துக் கடலில் தள்ளிவிடுவார்கள்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1983-ல் வந்த தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள், அதாவது சுமார் ஐந்தரை கிலோமீட்டருக்குள், விசைப்படகு மீன்பிடிக்கக் கூடாது. இரண்டு படகு சேர்ந்து ஒரே வலையை இழுக்கும் இரட்டைமடிக்குத் தடை இருக்கிறது. பாக் விரிகுடாவில் விசைப்படகுகளுக்கு திங்கள், புதன், சனி, மற்ற நாள்கள் நாட்டுப்படகுகளுக்கு என்று முறை வைத்திருக்கிறார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் வேறு. மீன் முட்டையிடுவதற்காக விடும் அந்த விடுமுறை புல்லுக்கும் மூச்சுவிடும் நேரம்தான். ஆனால் தடித்த தண்டு திரும்ப ஓடுவதற்கு இரண்டு மாதம் எந்த மூலைக்கு?

விசைப்படகுக்காரர்களை வில்லனாக்கிவிட்டுப் போய்விடுவது சுலபம். அவர்கள் பக்கக் கணக்கையும் பார்க்க வேண்டும். இழுவைமடி தானாக வந்ததல்ல. சுதந்திரத்துக்குப் பிறகு மீன்வளத்தைப் பெருக்க அரசாங்கமே கடனும் மானியமும் கொடுத்து விசைப்படகு வாங்கச் சொன்னது. இறால் ஏற்றுமதிக்கு டாலர் வந்தது. பாக் விரிகுடாவோ ஒடுங்கிய கடல். இந்தப் பக்கம் மூன்று கடல் மைல் போகக் கூடாது, அந்தப் பக்கம் 1974-ல் போட்ட சர்வதேச எல்லைக்கோடு. நடுவில் மிஞ்சும் பட்டையில் இத்தனை படகுகளும் போதாது. ஒன்று கரைப்பக்கம் புல்லை நோக்கி வர வேண்டும், இல்லையென்றால் எல்லை தாண்டி இலங்கைக் கடற்படையிடம் மாட்ட வேண்டும். எல்லை தாண்டினால் அங்கேயும் நஷ்டப்படுவது யாரோ அல்ல. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் சிறு படகில் வலை போடும் தமிழ் மீனவர்களின் வலைகள்தான் அறுபடுகின்றன. இலங்கை 2017-ல் இழுவைமடிக்கு முழுத் தடைச் சட்டமே கொண்டுவந்துவிட்டது.

அதே 2017 ஜூலையில்தான் ராமேசுவரத்தில் ஆழ்கடல் மீன்பிடித் திட்டத்தைப் பிரதமர் மோடி தொடங்கிவைத்தார். பாக் விரிகுடாவின் 2,000 இழுவைப் படகுகளை மூன்று ஆண்டுகளில், சூரை மீன் பிடிக்கும் ஆழ்கடல் படகுகளாக மாற்றுவது இலக்கு. படகு ஒன்றுக்கு 80 லட்சம் ரூபாய் என்று மதிப்பிட்டார்கள், அதில் 70 சதவிகிதம் மத்திய, மாநில அரசுகளின் மானியம். கேட்க நன்றாக இருந்தது. ஆனால் காலையில் போய் மறுநாள் திரும்பிப் பழகியவர்களுக்கு வாரக்கணக்கில் நடுக்கடலில் தங்குவது வேறு தொழில், வேறு வாழ்க்கை. பங்குத்தொகை, கடன், பராமரிப்பு, பெரிய படகு நிற்கத் துறைமுகம் என்று ஒவ்வொன்றாக முட்டியது. இலக்கின் பக்கத்தில்கூடத் திட்டம் போகவில்லை.

நாட்டுப்படகுக்காரர்களும் முழுக்க நிரபராதிகள் அல்ல என்பதையும் சொல்லத்தான் வேண்டும். கரையோரத்தில் சிறிய எஞ்சின் படகுகள் இழுக்கும் தள்ளுமடி, புல் இருக்கும் இடத்திலேயே வேலை செய்கிறது. அடியில் விரிக்கும் நண்டு வலையும் எடுக்கும்போது புல்லைப் பிடுங்கிக்கொண்டு வருகிறது. ஞாயிற்றுக்கிழமைச் சட்டிக்கு வரும் நண்டுக்கும் இதில் ஒரு பங்கு இருக்கிறது.

இவற்றோடு சேது சமுத்திரத் திட்டத்தையும் ஒரு வரி நினைவுபடுத்த வேண்டும். 2005-ல் தொடங்கி, 167 கிலோமீட்டர் கால்வாய்க்காகப் பாக் நீரிணையில் மண் தோண்டினார்கள். வழக்கும் அரசியலுமாகப் பாதியில் நின்றது. அதன் காரணங்கள் தனிக் கட்டுரைக்கானவை.

448 சதுர கிலோமீட்டர்

2022 செப்டம்பரில் தமிழக அரசு, தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை ஆவுளியா பாதுகாப்பகமாக அறிவித்தது. அதிராம்பட்டினத்திலிருந்து அம்மாபட்டினம்வரை நீளும் இது இந்தியாவின் முதல் கடல்பசு பாதுகாப்பகம். இதற்குள் 12,250 ஹெக்டேர் கடற்புல் இருப்பதாக அரசு கணக்கிட்டிருக்கிறது. முப்பதாயிரம் ஏக்கர் என்று சொன்னால் விவசாயக் குடும்பங்களுக்குச் சட்டென்று விளங்கும். 2025 அக்டோபரில் அபுதாபியில் நடந்த உலக இயற்கைப் பாதுகாப்பு மாநாட்டிலும் இந்த முயற்சிக்கு ஆதரவாகத் தீர்மானம் வந்தது.

அறிவிப்பு வந்தபோது கடற்கரைக் கிராமங்களில் முதலில் எழுந்த பயம் ஒன்றுதான்: 'கடலுக்குள் போகவிட மாட்டார்களோ?' மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சுற்றி 1986-ல் தேசியப் பூங்கா வந்தபோது பாசி எடுக்கும் பெண்களுக்கும் மீனவர்களுக்கும் ஏற்பட்ட சிக்கல்களை அவர்கள் மறக்கவில்லை. பாதுகாப்பகம் என்பது தேசியப் பூங்கா இல்லை, புதிய கட்டுப்பாடு எதுவும் விதிக்க மாட்டோம் என்று அரசு உறுதி கொடுத்தது.

இந்த உறுதி இரண்டு பக்கமும் வெட்டும். மீனவர் ஆதரவு இல்லாமல் இந்தக் கடலில் எதையும் காப்பாற்ற முடியாது என்பதால் அது சரியான முடிவு. ஆனால் புதிய கட்டுப்பாடு இல்லை என்றால், பழைய கட்டுப்பாடுகளாவது முழுசாக நடக்க வேண்டும். மூன்று கடல் மைல் விதி ஒழுங்காக நடந்திருந்தால் இந்தக் கட்டுரையில் பாதி தேவைப்பட்டிருக்காது.

நல்ல செய்தியும் இருக்கிறது. ஒரு காலத்தில் ஆவுளியா கறி இந்தக் கரையில் ரகசியமாக விலைபோனது. பிடித்தாலோ விற்றாலோ வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணைப்படி சிறை. ஆனால் சட்டத்தைவிட ஊர்ப்பேச்சு அதிகம் வேலை செய்தது. மத்திய அரசின் ஆவுளியா மீட்புத் திட்டத்தில், டேராடூனில் இருக்கும் இந்திய வனவிலங்கு நிறுவனத்தினர் மீனவர்களைத் தன்னார்வலர்களாகச் சேர்த்தார்கள், மீனவர் பிள்ளைகளுக்கு உதவித்தொகை கொடுத்தார்கள். அதற்குப் பிறகு, வலையில் சிக்கிய ஆவுளியாவை மீனவர்களே வலையை அறுத்துக் கடலில் விட்ட சம்பவங்கள் தஞ்சை, புதுக்கோட்டைக் கரைகளில் பல முறை நடந்திருக்கின்றன. அறுந்த வலை, அந்தக் குடும்பத்தின் ஒரு வார வருமானம். அதற்கு ஈடாக வனத்துறை வெகுமதி கொடுக்கிறது.

மூங்கில், கயிறு, பொறுமை

அழிந்த இடத்தில் மறுபடி நட முடியுமா? முடியும். தூத்துக்குடி சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் கடற்புல் நட்டுப் பார்த்து வெற்றி கண்டிருக்கிறார்கள். தஞ்சாவூர் மாவட்டம் வெளிவயலில் இருந்து இயங்கும் ஓம்கார் அறக்கட்டளையும் அதன் நிறுவனர் முனைவர் பாலாஜி வேதராஜனும் கண்டுபிடித்த முறை, நம் வீட்டுக் கொல்லைப் பொருள்களாலேயே ஆனது. மூங்கிலால் ஒரு சதுரச் சட்டம். அதில் குறுக்கும் நெடுக்குமாகத் தேங்காய் நார்க் கயிறு. ஆரோக்கியமான புல்வெளியிலிருந்து எடுத்த சிறு துண்டுகளைக் கயிற்றில் கட்டி, சட்டத்தைக் கடலடியில் பதித்துவிடுவார்கள். வேர் மண்ணைப் பிடிக்கும்வரை சட்டம் பிடித்துக்கொள்ளும். அதற்குப் பிறகு மூங்கிலும் நாரும் மக்கிப் போய்விடும், பிளாஸ்டிக் எதுவும் மிஞ்சாது. இந்த வேலையில் உள்ளூர் மீனவர்களே இறங்குகிறார்கள்.

வயலில் நாற்று நட்டவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஆனால் வயலில் நட்ட நாற்றின் மேல் யாரும் டிராக்டர் ஓட்ட மாட்டார்கள். கடலில் வரப்பு கிடையாதே? நட்ட இடத்தின் மேல் மடி போனால் ஒரே நாளில் எல்லாம் போச்சு. நடுவதற்கு ஆகும் உழைப்பையும் செலவையும் பார்த்தால், இருக்கும் புல்லைக் கீறாமல் விடுவது பல மடங்கு லாபம்.

அப்படி விட்டுவைத்தால் கிடைப்பது நண்டும் ஆவுளியாவும் மட்டுமல்ல. கடலடிப் பரப்பில் கடற்புல் இருப்பது அரை சதவிகிதத்துக்கும் கீழே. ஆனால் கடல் ஆண்டுதோறும் மண்ணுக்குள் புதைக்கும் கரியில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அதன் கணக்கில்தான் சேர்கிறது. புல்லைப் பிடுங்கினால் அந்தக் கரியில் ஒரு பகுதி வெளியே வரத் தொடங்கும். மார்ச் 1-ம் தேதியை உலகக் கடற்புல் தினமாக 2022-ல் ஐ.நா. பொதுச்சபை அறிவித்தது. அந்தத் தீர்மானத்தைக் கொண்டுபோனது யார் தெரியுமா? பாக் விரிகுடாவின் அக்கரையில் இருக்கும் இலங்கை.

நங்கூரத்துக்கு விதி போட்ட நாடுகளும் உண்டு. மத்தியத்தரைக் கடலில் பொசிடோனியா என்றொரு கடற்புல். ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் நகரும், ஒரு மீட்டர் பரவப் பல பத்தாண்டுகள்கூட ஆகலாம். ஸ்பெயினின் பலேயாரிக் தீவுகளில் அந்தப் புல்லின் மேல் நங்கூரம் போடுவதையே 2018-ல் தடை செய்துவிட்டார்கள். பிரான்ஸும் பெரிய உல்லாசக் கப்பல்களுக்கு விதி கொண்டுவந்தது. இங்கிலாந்தில் ஸ்டட்லண்ட் விரிகுடாவில் கடல்குதிரைகளுக்காக, நங்கூரம் போடாதீர்கள் என்று வேண்டுகோள் விடுத்து, புல்லில் படாத மிதவைக் கட்டுகளை அமைத்திருக்கிறார்கள். அங்கெல்லாம் படகு வைத்திருப்பவர்கள் வசதியானவர்கள், வேறு இடத்தில் நிறுத்தச் சொன்னால் நிறுத்துவார்கள். டீசலுக்குக் கடன் வாங்கிக் கடலுக்குப் போகிறவரிடம் அதே விதியை அப்படியே நீட்ட முடியாது. ஆனால் மிதவை போட்டு ஆழமான பாதையைக் காட்டுவதும், துறைக்குள் வந்து போகும் வழியை ஒரே கோடாக்குவதும் யாருடைய வருமானத்தையும் குறைக்காது.

காரங்காடு போகிறீர்களா?

கோட்டையூரில் பிறந்த வள்ளல் அழகப்பச் செட்டியாரின் பெயர் தாங்கிய பல்கலைக்கழகம், தன் கடலியல் துறையைத் தொண்டியில்தான் வைத்திருக்கிறது. அவர் நிலமும் பணமும் கொடுத்து வரவழைத்த காரைக்குடி 'சிக்ரி'க்கு மண்டபத்தில் கடல் துருவை ஆராயும் மையம் உண்டு. அந்த வகையில் கடலில்லாத ஊருக்குக் கடலோடு கொடுக்கல் வாங்கல் இருக்கவே செய்கிறது. விடுமுறை நாள்களில் இந்தப் பக்கத்துக் குடும்பங்களும் வேன் பிடித்துக் கடலுக்குப் போகின்றன. தொண்டிக்குத் தெற்கே காரங்காட்டில் வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து நடத்தும் அலையாத்திக் காட்டுப் படகு சவாரி அதில் பிரபலம்.

போகிறவர்கள் கவனத்துக்குச் சில விஷயங்கள். நீர் வற்றிய நேரத்தில் படகோட்டி 'கொஞ்சம் பொறுங்கள்' என்றால் அவசரப்படுத்த வேண்டாம். ஆழமில்லாத இடத்தில் எஞ்சினைத் தூக்கிவிட்டுக் கழியால் ஊன்றித் தள்ளினால், 'ஏன் மெதுவாகப் போகிறது' என்று கேட்கவும் வேண்டாம். செல்ஃபிக்காகக் 'கிட்டத்தில் போங்கண்ணே' என்று கெஞ்சுவதுதான் பல கீறல்களுக்கு ஆரம்பம். துடுப்பு போடும் கயாக் கிடைத்தால் அதையே எடுங்கள், அடியில் விசிறி இல்லை. தண்ணீர் பழுப்பாகக் கலங்கி, அதில் பச்சை இலைத் துண்டுகள் மிதந்தால் படகு புல்லின் மேல் ஓடுகிறது என்று அர்த்தம், படகோட்டியிடம் சொல்லலாம். இறங்கி நடந்தால் காலுக்கடியில் மெத்தென்று புல் தட்டுப்படும். செருப்பால் உழாமல், பிடுங்கிப் பார்க்காமல், முகத்தை நீருக்குள் வைத்துப் பாருங்கள். தெளிந்த நாளாக இருந்தால் விரல் நீள இறால் குஞ்சுகள் இலைக்கு இலை தாவுவது தெரியும்.